பிசகாத பதினைந்து கிராம்

முகத்துக்குப் போடுகிற அசெலாயிக் ஆசிட் வாங்க இப்போது டாக்டரும் வேண்டாம், பார்மசிஸ்ட்டும் வேண்டாம், கையில் ஒரு போன் இருந்தால் போதும். போன வாரம் அஞ்சு கூப்பிட்டாள். திருவனந்தபுரம் கரமனையில் நான் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்த ஸ்கின் கிளினிக்கில், என் மருந்துக் கவுண்டரில் இப்போது இருக்கிற பெண் அவள். மலையாளத்தில் ஆரம்பிப்பாள், எனக்காகத் தமிழுக்கு வருவாள், கோபம் வந்தால் மறுபடி மலையாளத்துக்கே போய்விடுவாள்.

"சேச்சி, இன்னைக்கு ஒருத்தி வந்தா. கழக்கூட்டத்துல ஐ.டி. வேலை. அசெலாயிக் சீரம், அதுக்கு மேல வைட்டமின் சி, அதுக்கு மேல ரெட்டினால், பின்னே வேற ஒரு ஆசிட். எல்லாம் ஒரே ராத்திரி! முகம் சுட்ட கத்திரிக்கா மாதிரி உரியுது. இதுல எது குழப்பம் பண்ணிச்சுன்னு என்கிட்ட கேக்கறா."

"நீ என்னவாக்கும் சொன்னே?"

"டாக்டரைப் பாருங்கன்னேன். சேச்சி, நீங்க பழைய ட்யூப்பை எல்லாம் தராசுல வெச்சு எடை போடுவீங்கன்னு இங்க இன்னும் பேசறாங்க. அது என்ன ஏற்பாடு? ஒண்ணு எழுதித் தாங்களேன்."

எழுதித் தருகிறேன். ஆனால் அஞ்சு நினைப்பதுபோல அது என் கெட்டிக்காரத்தனத்தின் கதை இல்லை. தராசு என்னுடையது, தவறும் என்னுடையது, மிச்சமெல்லாம் டாக்டர் மைதிலியுடையது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் ஏமாந்தோம் என்று சொல்லக் கூடாது.

நாகர்கோவில் பக்கத்துக்காரி நான். டி.ஃபார்ம் முடித்தேன், கல்யாணமாகித் திருவனந்தபுரம் வந்தேன், சாலை பஜாரில் ஒரு மொத்த மருந்துக்கடையில் பன்னிரண்டு வருடம் அட்டைப்பெட்டி எண்ணினேன். அந்தக் கடையில் நான் கற்றது இரண்டு விஷயம்: எந்த டாக்டரின் கிறுக்கல் எழுத்தையும் படிப்பது, எந்த ஆளையும் அதட்டுவது. இரண்டும் பிற்பாடு உதவின என்றுதான் நீண்ட நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் மைதிலி கிளினிக் திறந்தபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை, எனக்கு முப்பத்தெட்டு. அவர் திருவனந்தபுரம் கோட்டைக்குள் இருக்கிற அக்ரஹாரத்துப் பெண். பாவாடை கட்டின வயதில் பேசிய பேச்சையே ஸ்டெதஸ்கோப் போட்ட பிறகும் பேசினார். என்னைவிடச் சின்னவர் என்ற எண்ணம் எனக்கு முதல் வாரம் வரைதான் இருந்தது. அந்த வாரம் ஒரு அம்மாள் பெண்ணை அழைத்துக்கொண்டு வந்து, "கொஞ்சம் நிறம் வைக்கணும் டாக்டரே, ஆலோசனை வந்திருக்கு" என்றாள். வரன் வந்திருக்கிறது என்று அர்த்தம். டாக்டர் அந்தப் பெண்ணின் முகத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி நன்றாகப் பார்த்தார்.

"பருத் தழும்பு இருக்கு, அதுக்கு மருந்து தரேன். இவ நிறத்துக்கு மருந்து கிடையாது, மாமி. வியாதி இருந்தாத்தானே மருந்து?"

அந்த அம்மாள் எழுந்து போய்விட்டாள். திறந்து ஒரு வாரம்கூட ஆகாத கிளினிக், வாடகைக் கட்டிடம், அன்றைக்கு வந்த மூன்றாவது நோயாளி. டாக்டர் கையைக் கழுவிக்கொண்டு, "அடுத்தவாளை வரச்சொல்லு பகவதி" என்றார். நான் போய்க் கூப்பிட்டேன். அன்றிலிருந்து அவருக்கு வயது இல்லை என்று வைத்துக்கொண்டேன்.

அந்தக் காலத்தில் கருந்திட்டுக்கு வேகமான க்ரீம்கள்தான் ஓடின. ஸ்டீராய்டு கலந்தவை, நான்கே நாளில் முகம் பளிச்சென்று ஆகும், நான்கு மாதத்தில் தோல் வெங்காயச் சருகாகிவிடும். டாக்டர் அவற்றை எழுதியதே அபூர்வம். அவருக்குப் பிடித்தது அசெலாயிக் ஆசிட். பருவுக்கும் ஆகும், பரு விட்டுப்போன கறுப்புக்கும் ஆகும், சிவந்து பொங்கும் முகத்துக்கும் ஆகும், பிள்ளைத்தாய்ச்சிக்கும் கொடுக்கலாம். ஒரே ஒரு குறை, ஆமை வேகம். மூன்று மாதம் ஆகாமல் கண்ணுக்கு எதுவும் தெரியாது. முதல் சில வாரம் போட்டவுடன் சுருசுருவென்று கடிக்கும், அரிக்கும். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பதெல்லாம் சொல்ல நன்றாக இருக்கும், எரிகிற முகத்தோடு பஸ்ஸில் போகிறவளிடம் சொல்லிப் பாருங்கள்.

இன்னொரு தொல்லை அந்தப் பெயர். எங்கள் பக்கத்தில் ஆசிட் என்றால் இரண்டே பொருள்: ஒன்று கக்கூஸ் கழுவுவது, இன்னொன்று ரப்பர் பால் உறைய ஊற்றுவது. நெடுமங்காட்டிலிருந்து ஒரு ரப்பர் தோட்டக்காரர் மகளுக்கு மருந்து வாங்க வந்தவர், ட்யூப்பில் அந்த வார்த்தையைப் படித்துவிட்டு கவுண்டரில் என்னோடு சண்டைக்கே வந்துவிட்டார். முகத்தில் ரப்பர் ஷீட் அடிக்கப் போகிறீர்களா என்று கேட்டார். நான் பதிலுக்குக் குரல் உயர்த்தினேன். சத்தம் கேட்டு டாக்டர் வெளியே வந்தார்.

"சப்பாத்தி சாப்பிடறேளா சார்?"

"ராத்திரி சப்பாத்திதான். ஷுகர்."

"கோதுமையிலேயும் இந்த ஆசிட் கொஞ்சம் உண்டு. நம்ம தோல் மேலேயும் தானா கொஞ்சம் உண்டாகும். ரப்பர் ஆசிட் வேற ஜாதி. பயப்படாம வாங்கிண்டு போங்கோ."

அவர் சிரித்துவிட்டு வாங்கிக்கொண்டு போனார். டாக்டர் என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் இருப்பது ஒரு தனி வகைத் திட்டு என்று எனக்கு அப்போது தெரியாது.

க்ரீம் போடும் முறையை அவர் சொல்லிக்கொடுப்பதைப் பார்க்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் புதிதாகச் சொல்வதுபோலவே சொல்வார். முகம் அலம்பி, துடைக்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். பிறகு காத்திருக்க வேண்டும். எவ்வளவு நேரம்? "குக்கர் ரெண்டு விசில் வர வரைக்கும்." ஈரத்தில் போட்டால் கடி அதிகம். மென்மையான தோல் என்றால் முதலில் மாய்ஸ்சரைசர், அதற்கு மேல் மருந்து. ஆள்காட்டி விரலின் முதல் கோடு வரை பிதுக்கினால் அரை கிராம், முழு முகத்துக்கும் அது போதும். நெற்றியில், இரு கன்னத்தில், மூக்கில், மோவாயில் புள்ளி வைத்துப் பரத்த வேண்டும், பாத்திரம் தேய்ப்பதுபோலத் தேய்க்கக் கூடாது. கண் ஓரமும் உதட்டு ஓரமும் விலக்கு. காலையில் சன்ஸ்கிரீன் கட்டாயம். தேங்காயெண்ணெய் தலைக்கு மட்டும். இந்தக் கடைசி விதியைக் கேட்டு எத்தனை பேர் முகம் வாடியது என்று என்னிடம் கேளுங்கள். மலையாளியிடம் உயிரைக் கேட்டாலும் கொடுப்பான், வெளிச்செண்ணெயை முகத்தில் தேய்க்காதே என்றால் யோசிப்பான்.

இவ்வளவு சொல்லியும் ஜனங்கள் மருந்தைப் போடவில்லை. கடிக்கிறது என்று நிறுத்துவார்கள், பிறகு வந்து மருந்து சரியில்லை என்பார்கள். தராசு யோசனை அப்போதுதான் எனக்கு வந்தது. களிம்பு கலக்க வாங்கிய சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று மூலையில் தூங்கிக்கொண்டிருந்தது. புது ட்யூப்பைக் கொடுக்கும்போதே எடை போட்டு, அதன் வாலில் மார்க்கர் பேனாவால் எழுதிவிடுவேன். மறுமாதம் பழைய ட்யூப்பைக் கொண்டுவந்தால்தான் டாக்டரைப் பார்க்கலாம். மறுபடி எடை போட்டு, குறைந்த கிராமை நோட்டில் எழுதுவேன். இரவு மட்டும் போடுகிறவருக்கு மாதம் பதினைந்து கிராம் போக வேண்டும். ஐந்து போயிருந்தால் ஆள் போடவில்லை, இருபத்தைந்து போயிருந்தால் அப்பிக்கொள்கிறார். டாக்டருக்கு யோசனை பிடித்திருந்தது. "நீ பெரிய போலீஸ்காரிடி பகவதி" என்றார். அவர் வாயிலிருந்து வந்த அந்த 'டி' எனக்குப் பட்டம் வாங்கினது மாதிரி இருந்தது.

அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்று நம்புகிறவள் நான். தராசு கையில் வந்ததும் வாயும் நீண்டது. ட்யூப் கனமாக வந்தால் விடமாட்டேன். வெளியே பெஞ்சில் இருபது பேர் உட்கார்ந்திருப்பார்கள், எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் பேசுவேன். ஒருத்திக்குச் சொன்னால் இருபது பேருக்கும் புத்தி வரும் என்பது கணக்கு.

செல்வராணி வந்தது அந்த நாட்களில்தான். போனக்காடு தேயிலை எஸ்டேட் லயத்தில் பிறந்து வளர்ந்தவள். அம்மா அங்கேதான் இருந்தாள், கொழுந்து பறிக்கிற வேலை இருக்கிற நாளும் உண்டு, இல்லாத நாளும் உண்டு. செல்வராணி கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனியின் ரிசப்ஷனில் இருந்தாள். இருபத்தாறு வயது, கல்யாணமாகி ஒரு வருடம், கணவன் தம்பானூரில் ஒரு ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர். தமிழ், மலையாளம், இங்கிலீஷ் மூன்றும் தண்ணீராய் ஓடும். நாடே மாஸ்க்கைக் கழற்றிப் போட்டு ஒரு வருடம் ஆன பிறகும் அவள் மட்டும் கழற்றவில்லை. டாக்டர் சொல்லிக் கழற்றியபோது எனக்கே திக்கென்றது. கன்னம் இரண்டும் செக்கச் செவேலென்று, தோலுக்கடியில் நரம்பு தெரிய, மேலே பொடிப்பொடியாகப் பரு.

கைப்பையிலிருந்து ஒரு வெள்ளை டப்பாவை எடுத்து வைத்தாள். மேலே பெயர் இல்லை, ஊர் இல்லை. ஏதோ பியூட்டி பார்லரில் கொடுத்ததாம். எட்டு மாதமாகப் போடுகிறாளாம்.

"முதல்ல எல்லாரும் சூப்பர்னு சொன்னாங்க டாக்டர். ரிசப்ஷன் வேலையே அப்பறந்தான் கெடச்சுது. இப்ப ஒரு நாள் போடலன்னா தீ வெச்ச மாதிரி எரியுது."

"உள்ளே ஸ்டீராய்டு. நிறுத்தினா முதல்ல இன்னும் மோசமாகும்" என்றார் டாக்டர். "மூணு வாரம் முகம் பொங்கும். அப்போ எனக்குச் சாபம் கொடுப்பே. கொடு, பரவாயில்லை. ஆனா டப்பாவைத் தொடாதே. ஒரு நாள் விட்டு ஒரு நாள் இங்கே போன் பண்ணு."

முதல் மாதம் மருந்தே இல்லை. முகம் கழுவ ஒரு சாதுவான லோஷன், மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன், அவ்வளவுதான். செல்வராணி குழந்தைக்குக் காத்திருந்ததால், பருவுக்கு எழுதுகிற சில மாத்திரைகளை டாக்டர் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. அசெலாயிக் ஒன்றுதான் வழி. கம்பெனியில் அவளுடைய மேனேஜர், ஆறு மாதத்துக்குள் முகம் சரியாகவில்லை என்றால் ரிசப்ஷனிலிருந்து எடுத்து ஸ்டோர் ரூமுக்கு அனுப்பிவிடுவேன் என்று சொல்லியிருந்தார். ஸ்டோர் ரூம் வேலை காண்ட்ராக்ட், எப்போது வேண்டுமானாலும் போகும். அம்மாவுக்கு மாதாமாதம் அனுப்புவது இந்த வேலையிலிருந்துதான். இதெல்லாம் டாக்டருக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

இரண்டாம் மாதம் அசெலாயிக் ட்யூப் கொடுத்தோம். மூன்றாம் மாதம் கொண்டுவந்தாள். தராசில் வைத்தேன். மூன்று கிராம்தான் குறைந்திருந்தது.

"எட்டி, இது என்ன, வெச்சு அழகு பாக்கதுக்கா வாங்கீட்டுப் போனே?" என்றேன். "பார்லர்காரி பேரில்லாத டப்பாவத் தந்தா எட்டு மாசம் அப்பத் தெரிஞ்சுது, டாக்டர் தந்தத போடக் கை வலிக்கா? மொகத்தக் கெடுத்ததும் நீயாக்கும், இனி இங்க வந்து அழப்பிடாது."

பெஞ்சில் இரண்டு பேர் சிரித்தார்கள். செல்வராணி மாஸ்க்கை மூக்குக்கு மேல் இழுத்துக்கொண்டாள். "கடிக்குதுக்கா" என்றாள்.

"கடிக்கத்தான் செய்யும். இனி பதினஞ்சு கிராம் கொறைஞ்சிருந்தா மட்டும் கவுண்டர்ல வந்து நில்லு."

அடுத்த மாதம் பதினைந்து கிராம் குறைந்திருந்தது. அதற்கடுத்த மாதமும் பதினைந்து. மூன்றாம் முறையும் பதினைந்து, துளிகூடப் பிசகவில்லை. நான் நோட்டில் அவள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டேன். பெஞ்சில் இருந்தவர்களிடம் ட்யூப்பைத் தூக்கிக் காட்டி, "பாருங்க, இப்பிடி இருக்கணும்" என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கம் என்று நினைத்தேன்.

முகம் மட்டும் அப்படியே இருந்தது. நான்கு நாள் அடங்கும், பிறகு பொங்கும். மேனேஜர் கொடுத்த தவணை முடிய ஐந்து வாரம் இருந்தது. மூன்றாவது பதினைந்து வந்த அன்று, டாக்டர் அவளை உள்ளே உட்கார வைத்துவிட்டு வெளியே வந்து என் நோட்டை வாங்கினார். அந்தப் பக்கத்தை மட்டும் பார்க்கவில்லை, பத்துப் பன்னிரண்டு பேருடைய பக்கத்தைப் புரட்டினார். ஒருவருக்குப் பதினொன்று, பதினாலு, ஒன்பது. இன்னொருவருக்குப் பதினாறு, பத்து, பதிமூன்று. செல்வராணிக்குப் பதினைந்து, பதினைந்து, பதினைந்து.

"மனுஷா போட்டா இப்படி வராது பகவதி" என்றார் மெதுவாக. "ஒரு நாள் தூங்கிடுவா, ஒரு நாள் ஊருக்குப் போவா, ஒரு நாள் ஜாஸ்தி வந்துடும். இது யாரோ உனக்காக அளந்து வெச்ச மாதிரி இருக்கு."

நான் வாதாடினேன். தராசு பொய் சொல்லுமா என்று கேட்டேன். அவர் புது ட்யூப் ஒன்றை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கதவை என் முகத்தில் சாத்தவில்லை, அதனால் நானும் போய் நின்றேன்.

"ஆத்துல எப்படிப் போடுவியோ அப்படியே இங்கே போடு, பார்ப்போம்" என்றார் செல்வராணியிடம்.

அவள் விரலில் கோடு வரை பிதுக்கினாள். அந்த அளவு அத்தனை அழகாக இருந்தது. ஆனால் முகத்தில் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் கை அந்தரத்தில் நின்றது. பிறகு கன்னத்தில் வைத்துப் பரத்தினாள். ஒரு நிமிடம் ஆகியிருக்காது, "அய்யோ" என்று துள்ளி, "டாக்டர், இது இவ்வளவு நேரம் கடிக்குமா? நிக்குமா?" என்றாள்.

மூன்று மாதம் ஒவ்வொரு ராத்திரியும் போட்டவள் கேட்கிற கேள்வியா அது?

கேட்ட பிறகுதான் அவளுக்கே புரிந்தது. முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். வாடகை அறையின் வாஷ்பேசினில் தினமும் விரல் கோடு வரை பிதுக்கி, குழாயைத் திறந்து கழுவி விட்டிருக்கிறாள். ஒரு நாள்கூடத் தவறவில்லை. காய்ச்சல் வந்த அன்றைக்கும் எழுந்துபோய் பிதுக்கினாளாம். போட்டால் காலையில் சிவப்பு, சிவப்போடு ரிசப்ஷனில் உட்கார முடியாது. போடாமல் ட்யூப் கனமாக வந்தால் கவுண்டரில் நான். முக்கியமான விசிட்டர்கள் வருகிற நாளுக்கு முந்தின இரவு மட்டும் அந்த வெள்ளை டப்பா. டப்பா அப்போதும் அவள் கைப்பையில்தான் இருந்தது.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. மருந்தை ஊற்றிக் கழுவினாள் என்பதைவிட, நட்சத்திரம் போட வைத்தாளே என்ற கோபம். வாயைத் திறந்தேன். டாக்டர் என் பக்கம் திரும்பாமலே ஒரு கையை உயர்த்தினார், அவ்வளவுதான்.

பிறகு அவர் செய்ததை எழுதத்தான் இவ்வளவு நேரம் பேசினேன். அதே ட்யூப்பிலிருந்து தன் விரலில் பிதுக்கினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். செல்வராணியின் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தன் முகத்தில் நெற்றி, கன்னம், மூக்கு, மோவாய் என்று வைத்துப் பரத்திக்கொண்டார்.

"எனக்கும் தோல் மெலிசு. வா, ரெண்டு பேரும் சேர்ந்து உட்காருவோம். எவ்வளவு நேரம் கடிக்கறதுன்னு பார்த்துடலாம். பகவதி, அந்த ஃபேனை இந்தப் பக்கம் திருப்பு."

வெளியே பதினெட்டு டோக்கன் காத்திருந்தது. உள்ளே இரண்டு பெண்கள் எதிரெதிரே உட்கார்ந்து கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தார்கள். டாக்டர் அவளிடம் போனக்காட்டில் அட்டை கடித்தால் என்ன போடுவீர்கள் என்று கேட்டார். சுண்ணாம்பு என்றாள். அட்டைக் கடி மோசமா, இது மோசமா என்றார். இதுதான் என்று சொல்லிவிட்டுச் செல்வராணி அழுகையோடு சிரித்தாள். நான்காம் நிமிடம் கடி உச்சத்துக்குப் போனது, அவர் "ஸ்ஸ்" என்று பல்லைக் கடித்ததை நான் பார்த்தேன். எட்டாம் நிமிடம் குறைந்தது. பன்னிரண்டாம் நிமிடம் அவளே, "நின்னுடுச்சு டாக்டர்" என்றாள்.

"எனக்கு இன்னும் நிக்கலை. நீ என்னைவிட தைரியசாலி."

அதன் பிறகு முறையை அவளுக்காக மாற்றி எழுதினார். ராத்திரி வேண்டாம், வேலை முடிந்து வந்ததும் சாயங்காலம் ஆறரைக்குப் போடு. கால் மணி நேரத்தில் அலம்பிவிடு. காலையில் சிவப்பு இருக்காது. ஒரு வாரம் போனதும் அரை மணி, பிறகு ஒரு மணி, தோல் பழகின பிறகு ராத்திரி முழுக்க. கம்பெனிக்கு ஒரு கடிதமும் கொடுத்தார்: இவர் என் சிகிச்சையில் இருக்கிறார், சில வாரம் முகம் சிவந்து தெரியும், இது தொற்றுவது அல்ல, இவர் வேலைக்கு முழுத் தகுதியானவர். நான்கே வரி. செல்வராணி போகும்போது வெள்ளை டப்பாவை அவளே மேஜையில் வைத்துவிட்டுப் போனாள்.

டாக்டர் அந்தச் சிவந்த முகத்தோடேயே பதினெட்டு பேரையும் பார்த்தார். "டாக்டருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டவர்களிடமெல்லாம், "மருந்து போட்டுண்டிருக்கேன்" என்றார்.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தோம். அவர் மோர்சாதத்தைப் பிசைந்துகொண்டே கேட்டார்: "முதல் தடவை ட்யூப் கனமா வந்ததே, அப்போ அவகிட்ட என்ன சொன்னே?"

சொன்னேன். ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அழகு பார்க்கவா, கை வலிக்கிறதா, இங்கே வந்து அழக்கூடாது, எல்லாம். என் வாயால் நானே திரும்பக் கேட்டபோது அது வேறு மாதிரி இருந்தது. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள், அன்றைக்கு எனக்கு நன்றாகத் தெரிந்தது. டாக்டர் மோர்மிளகாய் டப்பாவை என் பக்கம் நகர்த்தினார்.

அடுத்த நாளிலிருந்து தராசை எடுத்துவிடலாம் என்றேன். அவர் சம்மதிக்கவில்லை. "தராசு இருக்கட்டும். எடை எனக்கு வேணும். ஆனா எடை பார்த்துட்டு நீ கேக்கற கேள்வி வேற மாதிரி இருக்கட்டும்." அவ்வளவுதான் சொன்னார். வேறு யாராக இருந்தாலும் கவுண்டரிலிருந்தே என்னைத் தூக்கியிருப்பார்கள். நான் தூக்கியிருப்பேன்.

செல்வராணியிடம் மன்னிப்பு கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் நினைத்தேன். அவள் வரும்போது வாய் வராது. எடை போடுவேன், எழுதுவேன், ட்யூப்பைக் கொடுப்பேன். முதல் மாதம் ஆறு கிராம், அடுத்து பத்து. அவளும் பேச மாட்டாள். ஆனால் முகம் பேச ஆரம்பித்தது. சிவப்பு ஓரத்திலிருந்து உள்ளே வாங்கியது, புதுப் பரு நின்றது, பழைய பருவின் கறுப்பு மெல்ல மெல்லக் கரைந்தது. மேனேஜர் அந்த நான்கு வரியைப் படித்துவிட்டு, சரி, இருக்கட்டும் என்றாராம். நான்காம் மாதம் அவள் மாஸ்க் இல்லாமல் வந்தாள். கேரளத்து வெயிலில் ஒரு மாநிறப் பெண், அவளுடைய சொந்த நிறத்தில். டாக்டர் அவளை ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்தித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்ன அழகா இருக்கே!" என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, மருந்து அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அதற்கடுத்த மாதம் நடந்தது இது. பெஞ்ச் நிறைந்திருந்தது. செல்வராணி நேரே கவுண்டருக்கு வந்து ட்யூப்பை வைத்தாள். தராசில் வைத்தேன். நான்கு கிராம்தான் குறைந்திருந்தது.

நான் நிமிர்ந்தேன். பெஞ்சில் பழைய ஆட்கள் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள், என் வாய் தெரிந்தவர்கள். அவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். செல்வராணியின் கை கவுண்டர் விளிம்பைப் பிடித்திருந்தது. அவள் கண்ணை எடுக்கவில்லை.

"போடலக்கா" என்றாள், எல்லோருக்கும் கேட்கிற குரலில். "இருபது நாளா போடல. அம்மாவுக்கு நெஞ்சு வலின்னு போனக்காட்டுலருந்து மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டாந்தோம். ராவும் பகலும் அங்கதான் இருந்தேன். பிதுக்கி ஊத்தல. உள்ளபடி எழுதிக்கோங்க."

நான் நான்கு என்று எழுதினேன். பேனாவை வைத்துவிட்டு, கவுண்டர் பலகையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். இருபத்திரண்டு வருடத்தில் நோயாளி நிற்கிற பக்கத்தில் நான் நின்றது அன்றைக்குத்தான்.

"அண்ணைக்கு அத்தன பேருக்கு முன்னால நான் சொன்னது தப்பு மக்களே" என்றேன் அவளிடம். "மருந்து கெடக்கட்டும். அம்மைக்கு இப்பம் எப்பிடி இருக்கு?"